முன்கூட்டியே செய்யும் சீனிப் பொம்மைகள்

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குப் பிறந்த நாள். கேக்கின் மேல் ஒரு யானைக் குட்டி வேண்டும் என்று பிள்ளை கேட்டுவிட்டது. தாயோ விடியற்காலையில் வேலைக்குப் போய்ப் பிற்பகலில் களைத்துத் திரும்புகிறவர். சனி இரவு கேக்கையும் பொம்மையையும் ஒன்றாகச் செய்ய உட்கார்ந்தால், காலையில் யானை தலை சாய்ந்து கிடக்கும். குற்றம் கையில் இல்லை, காலத்தில் இருக்கிறது.

சீனிப் பொம்மையைப் பத்து நாட்களுக்கு முன்பே செய்துவிடலாம். இது நமக்குப் புதிதன்று. கர்நாடகத்தில் சங்கராந்திக்கு மர அச்சில் சீனிப் பாகை ஊற்றிப் பொம்மைகளை முன்னதாகவே வார்த்து வைப்பார்கள். நம் கல்யாண வீடுகளிலும் பருப்புத் தேங்காய் முன்னதாகவே தயாராகிவிடும்.

கேக் பொம்மைக்கு ஃபாண்டன்ட் என்னும் சீனி மாவு வேண்டும். பொருள் விற்கும் கடைகளில் பிசைந்ததே கிடைக்கும். அதைத் தனியாக வைத்தால் எளிதில் இறுகாது. 250 கிராம் மாவுக்கு ஒரு தேக்கரண்டி சி.எம்.சி. என்னும் பசைத்தூளைச் சேர்த்துப் பிசைந்தால் உறுதியாகக் காயும். வாங்கும்போது உறையைப் படியுங்கள். சிலவற்றில் ஜெலட்டின் இருக்கும். ஹலால் முத்திரை இருந்தாலும் அது மாட்டிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் ஜெலட்டின் இல்லாததையே கேட்டு வாங்க வேண்டும்.

வேலையை நாள்தோறும் அரைமணி நேரமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் யானையின் உடலும் கால்களும். அவை ஒரு நாள் காய்ந்தபின் தலை. அதற்கு அடுத்த நாள் காதும் துதிக்கையும். ஒட்டுவதற்குத் தூரிகையில் ஒரு துளி தண்ணீர் போதும். மிகுந்தால் சீனி கரையும். தலையைத் தாங்க உள்ளே பல்குத்தும் குச்சியைச் செருகாதீர்கள். பிள்ளையின் வாயில் குத்தும். வேகவைக்காத ஸ்பகெட்டித் துண்டு நல்லது.

செய்ததைச் சோளமாவு தூவிய தட்டில் வைத்து, காற்றாடிக் காற்றில், நிழலில் காயவிடுங்கள். நாளுக்கு ஒரு முறை திருப்பிவைத்தால் அடியும் காயும். வெயிலில் வைத்தால் வண்ணம் வெளிறும். மெல்லிய பூவும் இலையும் ஓரிரு நாளில் காயும். பருத்த பொம்மைக்கு ஒரு வாரமாவது வேண்டும். மழை நாட்களில் இன்னும் கூடும்.

காய்ந்தபின் அட்டைப்பெட்டியில் வையுங்கள். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் ஈரம் தங்கும். குளிர்ப்பெட்டி கூடவே கூடாது. குளிர்ந்த தண்ணீர்க் குவளையின் மேல் துளிகள் அரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். குளிர்ந்த பொம்மையை வெளியே எடுத்தாலும் அப்படியே நீர் அரும்பும்; சீனி கரையும், வண்ணம் வழியும். ஈரக் காற்று ஆண்டு முழுவதும் வீசும் நம் தஞ்சோங் கிளிங் கடலோரத்தில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும்.

எறும்பை மறந்துவிடாதீர்கள். மேசைக் கால்களைத் தண்ணீர் ஊற்றிய டின்களில் நிறுத்துங்கள். மருந்துப் பொடி தூவ வேண்டாம். பிள்ளை தின்னும் பொருள்.

கேக்கின் மேல் கிரீம் இருந்தால், வெட்டுவதற்குச் சற்று முன் பொம்மையை வையுங்கள். அப்போது சனி இரவு உங்களுக்குக் கேக் வேலை மட்டுமே மிஞ்சும்.