பதினாலில் பன்னிரண்டு ஃபெயில்!

அத்தானுக்கு ஹெர்னியா ஆபரேஷன். "சின்ன விஷயம் சார், மூணே நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்" என்றார்கள். போனார். எட்டாம் நாள் தையல் போட்ட இடம் சிவந்து வீங்கி, சீழ்! ஜுரம் வேறு.

டாக்டர் சீழை எடுத்து லேபுக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் ரிப்போர்ட். பி.காம். படித்தவனுக்கு எந்தக் காகிதமும் பேலன்ஸ் ஷீட்தான். இடப்பக்கம் பதினாலு மருந்துகள். எதிரே 'எஸ்' என்றால் கிருமி பணியும். 'ஆர்' என்றால் பணியாது. எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு 'ஆர்'!

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று லேப்காரரை நச்சரித்தேன். வட்டத் தட்டில் கூழ் மாதிரி ஒன்று. அதன்மேல் கிருமியைத் தடவி, மருந்தில் தோய்த்த காகிதப் பொட்டுகளைக் கோலப்புள்ளி போல வைக்கிறார்கள். ஒரு ராத்திரி. மருந்து ஜெயித்தால் பொட்டைச் சுற்றி வெறும் வட்டம். தோற்றால், பொட்டை ஒட்டியே கிருமி பயிராகியிருக்கும். வட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து மார்க் போடுகிறார்கள்.

அத்தானைப் பிடித்த பேர்வழி ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். பத்துப் பேரில் சுமார் மூன்று பேருக்கு மூக்கிலேயே குடியிருக்குமாம், சாதுவாக. தோல் திறந்தால்தான் வினை. பெனிசிலின் வந்தது, அதை வெட்டிப்போடும் என்சைமோடு இது வந்தது. அதற்கென்றே 1959-ல் மெத்திசிலின் கொண்டுவந்தார்கள். 1961-லேயே பிரிட்டனில் அதற்கும் மசியாத கிருமி! ஒரு காப்பீட்டு பாலிசி முதிர்கிற அவகாசம்கூடத் தரவில்லை.

தற்செயலாகத் தப்பிய கிருமிதான் பெருகுகிறது. போதாததற்கு, தப்பிக்கும் ஜீனை அண்டை அசல் கிருமிக்குக் காப்பிப்பொடி மாதிரி கொடுக்கவும் செய்கிறது. மருந்து குறைவாகப் போனால் கிருமிக்குப் பழகிவிடும் என்று பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃப்ளெமிங்கே 1945-ல் நோபல் உரையில் எச்சரித்திருக்கிறார்.

"இது உங்க மூக்கிலேர்ந்து வந்துதா, எங்க வார்டிலேர்ந்தா, சொல்ல முடியாது" என்றார் டாக்டர், நேர்மையாக. இன்னொன்றும் சொன்னார்: பெரும்பாலான ஆபரேஷன்களில் கத்தி வைக்கும் முன் போடும் ஊசிதான் முக்கியம், தையல் போட்டபின் நாள்கணக்கில் மாத்திரை தின்பதால் புண் சீழ் வைக்காது என்பதில்லை. "அப்போ ஏழு நாளைக்கு எழுதிக் கொடுத்தாங்களே?" என்றாள் அக்கா. அவர் பேனாவை மூடினார்.

மிச்சமிருந்த இரண்டில் ஒன்று வான்கோமைசின். ஒரு மணி நேரத்துக்கு மேல் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். புண்ணைத் திறந்து கழுவி, ஊசியும் போட்டுத்தான் ஜுரம் இறங்கியது. இதற்கும் அடங்காத ரகத்தை 2002-லேயே அமெரிக்காவில் பார்த்துவிட்டார்களாம்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா மருந்து டப்பாவைக் கவிழ்த்தாள். ஜலதோஷத்துக்கெல்லாம் மெடிக்கல் ஷாப்பில் சும்மா கேட்டு வாங்கி, பாதியில் விட்ட அட்டைகள். ஜலதோஷம் வைரஸ், அதற்கும் இந்த மாத்திரைகளுக்கும் சம்பந்தமே இல்லை. ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அமாக்சிசிலின், ஆர். செஃபலெக்சின், ஆர். சிப்ரோஃப்ளாக்ஸசின், ஆர்.

அத்தான் அப்போது பார்த்துத் தும்மினார். அக்கா முறைத்த முறைப்பில் அடுத்த தும்மல் உள்ளேயே போய்விட்டது.