சிறைச்சுவரில் எழுதிய ஆலிம்

ஓர் இனத்தை அடிமைப்படுத்துவோர் அதன் வரலாற்றையும் பறித்துவிடுகின்றனர். ‘இவர்களுக்கு எழுத்தில்லை, கல்வியில்லை’ என்று உலகை நம்பவைத்துவிட்டால், விலங்கு பூட்டுவது எளிதாகிவிடுகிறதன்றோ! அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு நேர்ந்ததும் இதுவே.

உமர் இப்னு ஸஈத் என்பவரின் வரலாற்றைக் கேளுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில், செனகல் ஆற்றையொட்டிய ஃபூத்தா தோரோ பகுதியில், 1770-ஆம் ஆண்டளவில் பிறந்தவர். 25 ஆண்டுகள் கல்வி பயின்றவர். 1807-இல் ஒரு பெரும்படை அவரது ஊரில் புகுந்து பலரைக் கொன்று, அவரைச் சிறைப்பிடித்தது. ஒன்றரை மாதக் கடற்பயணத்தின் பின் சார்ல்ஸ்டன் நகரில் அவர் விற்கப்பட்டார். கொடிய எசமானிடமிருந்து தப்பியோடி, வட கரோலினாவில் பிடிபட்டுச் சிறைப்பட்டார். அங்கே கரித்துண்டால் சுவர்களில் அரபு மொழியில் எழுதினார் என்பர். கண்டவர் வியந்தனர், ஆயினும் விடுதலை செய்தாரில்லை. வேறோர் எசமானுக்கு உடைமையானார்.

1831-இல் தம் வாழ்க்கையை அரபியில் எழுதினார். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே அவர் கிறித்தவத் திருமுழுக்குப் பெற்றதாகப் பதிவுண்டு. ஆயினும் நூலைத் தொடங்கியது திருக்குர்ஆனின் ‘அல்முல்க்’ அத்தியாயத்தைக் கொண்டே! ஆட்சியனைத்தும் இறைவனுக்கே உரியதென அறிவிக்கும் அத்தியாயம் அது. மனிதருக்கு உடைமையாக்கப்பட்ட ஒருவர் அதைத் தேர்ந்தது தற்செயலாகுமா? உள்ளங்களை அல்லாஹ்வே அறிவான். 1865-இல் அந்நாட்டில் அடிமைமுறை ஒழியுமுன்பே, விடுதலை காணாமல் அவர் மறைந்தார். அச்சுவடி 2017-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தை அடைந்தது.

இத்தகைய வரலாறுகள் மறைக்கப்படுவது கண்டு வருந்திய கறுப்பின அறிஞர் கார்ட்டர் உட்சன், 1926-இல் இவற்றைக் கற்பதற்கென ஒரு வாரத்தை ஏற்படுத்தினார். 1976 முதல் அது பிப்ரவரி மாதம் முழுவதற்கும் விரிந்தது.

‘அது அவர்கள் வரலாறு, நமக்கென்ன?’ என்று வினவலாம். பிலால் (ரலி) அவர்களின் பாங்கொலியை எண்ணி உருகும் நாமே, பெண் பார்க்கச் செல்கையில் ‘கறுப்பு’ என்று முகம் சுளிக்கிறோமே! ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்த அபூதர் (ரலி) அவர்களிடம், அறியாமைக் காலத்தின் குணம் உம்மிடம் எஞ்சியிருக்கிறதே என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். உயர்ந்த தோழருக்கே அந்த எச்சரிக்கை என்றால், நாம் எம்மாத்திரம்?

தாழ்ந்தவரென்று எண்ணப்பட்டவர் நம்மினும் கற்றவர் என்றறியும்போது நம் தலை தானே தாழ்கிறது. அப்பணிவே இக்கல்வியின் பயன். இன்றிரவு ‘தபாரக்’ ஸூராவை ஓதி முடித்ததும், உமரின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.