கயிறு தாங்கும் சுமை

மதுரையிலிருந்து மேலூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் ஒத்தக்கடை. அதன் அருகே, படுத்திருக்கும் யானையின் தோற்றத்துடன் யானைமலை நீண்டு கிடக்கின்றது. சுற்றிலும் பரந்த சமவெளி. கண்மாய் நீரும் கிணற்று நீருமே இந்நிலப்பகுதியின் பழைய செல்வங்கள். மின்னாற்றலால் இயங்கும் எக்கிகள் வருமுன், உழவர் கமலை கட்டி நீர் இறைத்தனர். சாலில் கட்டிய வடம் உருளையின் மேலேறிச் சென்று எருதுகளின் நுகத்தடியில் முடியும். எருதுகள் சரிவான தடத்தில் இறங்கி இழுக்க, சால் நீருடன் மேலெழும்பும். வீட்டுக் கிணறுகளிலோ கப்பியும் கயிறும் வாளியும் இருந்தன. இவை அனைத்திலும் சுமையைத் தாங்கியது கயிறே. அக்கயிறு எவ்வளவு தாங்கும், எப்போது அறும் என்பதை அறிவது நீர் இறைப்போர்க்கு இன்றியமையாததாயிற்று.

கயிறு அறுந்து வாளி கிணற்றுள் விழுந்தால் என் செய்வது? நம் முன்னோர் அதற்கெனவே பாதாளக்கரண்டி என்னும் கருவியை வைத்திருந்தனர். வளைந்த கொக்கிகள் பல உடைய அவ்விரும்புக் கருவியைப் புதுக்கயிற்றில் கட்டிக் கிணற்றுள் இறக்கித் துழாவுவர். அறுந்த கயிற்றின் நுனியையோ வாளியின் பிடியையோ கொக்கி பற்றிக்கொள்ளும். பின்னர் மெல்ல மேலே இழுப்பர்.

அறுந்த கயிற்றைக் கொக்கி பற்றியது எனக் கொள்வோம். இப்போது மேலே புதுக்கயிறு. அதன் கீழ்ப் பாதாளக்கரண்டி. அதன் கீழ்ப் பழைய கயிறு. அதன் கீழ் நீர் நிறைந்த வாளி. இயற்பியல் நூல்களில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கும் இரு பொருள்களைப் பற்றிய கணக்குகள் வருகின்றன அல்லவா? அக்கணக்கின் உயிருள்ள வடிவமே இது.

கயிறு ஒரு பொருளை இழுக்கும் விசைக்கு இழுவிசை என்று பெயர். கரண்டியின் நிறை 2 கிலோகிராம். நீருடன் வாளியின் நிறை 8 கிலோகிராம். இரண்டும் நீர்மட்டத்திற்கு மேலே அசையாது தொங்குகின்றன. கயிறுகளின் நிறை மிகச் சிறிது; ஆதலின் அதனை விட்டுவிடுவோம். புவி ஈர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 9.8 ஆகும், கணக்கின் எளிமைக்காக அதனை 10 எனக் கொள்வோம். அவ்வாறாயின் கரண்டியின் எடை 20 நியூட்டன். வாளியின் எடை 80 நியூட்டன்.

இரு கயிறுகளும் ஒரே அளவு இழுவிசையையா தாங்குகின்றன? மாணவர் பலர் இடறும் இடம் இதுவே. இடறாமலிருக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு பொருளை மட்டும் மனத்தால் தனியே பிரித்தெடுத்து, அதன்மேல் செயற்படும் விசைகளை மட்டும் எண்ண வேண்டும். வாளியைப் பிரித்தெடுப்போம். அதனைக் கீழ்நோக்கி இழுப்பது அதன் எடை, 80 நியூட்டன். மேல்நோக்கி இழுப்பது பழைய கயிறு. வாளி அசையாமையால் இரண்டும் சமம். எனவே பழைய கயிற்றின் இழுவிசை 80 நியூட்டன். இனிக் கரண்டியை எடுப்போம். அதனைக் கீழ்நோக்கி இழுப்பவை இரண்டு: தன் எடை 20 நியூட்டன், பழைய கயிற்றின் இழுவிசை 80 நியூட்டன். ஆகவே புதுக்கயிற்றின் இழுவிசை 100 நியூட்டன். தொங்கும் கயிறு ஒவ்வொன்றும் தனக்குக் கீழுள்ள சுமை முழுவதையும் தாங்குகின்றது; தனக்கு மேலுள்ளதைத் தாங்குவதில்லை.

வாளி சீரான வேகத்தில் மேலே வந்தாலும் இவ்வளவுகள் மாறுவதில்லை. வேகம் மாறும்போதுதான் நிலைமை மாறுகின்றது. நிறையை முடுக்கத்தால் பெருக்கினால் அப்பொருளின்மேல் எஞ்சி நிற்கும் விசை கிடைக்கும். 1687ஆம் ஆண்டில் நியூட்டன் வெளியிட்ட நூலிலுள்ள இரண்டாம் இயக்க விதி நமக்குத் தரும் முறை இது.

இழுப்பவர் அவசரப்படுகின்றார் எனக் கொள்வோம். வேகம் நொடிதோறும் நொடிக்கு 2 மீட்டர் மிகும்படி இழுக்கின்றார். வாளியை முடுக்குவதற்கு மட்டும் 8 × 2 = 16 நியூட்டன் மிகுதியாக வேண்டும். எனவே பழைய கயிற்றின் இழுவிசை 96 நியூட்டன் ஆகின்றது. இரு பொருள்களையும் சேர்த்து நோக்கினால் நிறை 10 கிலோகிராம். மிகுதியாக வேண்டுவது 20 நியூட்டன். எனவே புதுக்கயிற்றின் இழுவிசை 120 நியூட்டன். விடை சரியா? கரண்டியைத் தனியே எடுத்துச் சோதிப்போம். மேல்நோக்கி 120, கீழ்நோக்கி 20உம் 96உம் சேர்ந்து 116, எஞ்சுவது 4 நியூட்டன். கரண்டியின் நிறை 2, முடுக்கம் 2, பெருக்கினால் 4. விடை பொருந்துகின்றது. இவ்வாறு வேறொரு வழியில் சரிபார்க்கும் பழக்கம் கணக்கிற்கு அரணாகும்.

பழைய கயிறு முன்னரே நைந்தது. அது 90 நியூட்டன் வரையே தாங்கும் என்று கொள்வோம். அசையாது தொங்கும்போது 80 நியூட்டனைத் தாங்கி நிற்கும். மெல்ல இழுத்தாலும் தாங்கும். மேலே கூறியவாறு அவசரமாக இழுத்தாலோ 96 நியூட்டனைத் தாங்க மாட்டாது அறுந்துவிடும். புதுக்கயிற்றின் வலிமை அங்கே பயன்படாது. அப்பழங்கயிறு பொறுக்கும் முடுக்கம் எவ்வளவு? எடைபோக எஞ்சும் வலிமை 10 நியூட்டன்; அதனை நிறையாகிய 8ஆல் வகுத்தால் 1.25. நொடிதோறும் நொடிக்கு 1.25 மீட்டருக்கு மேல் வேகம் மிகுதல் கூடாது. 'வெடுக்கென இழுக்காதே' என்று பெரியோர் கூறும் அறிவுரையின் அளவு இதுதான்.

இன்னும் ஒன்று கருதத்தக்கது. வாளி நீருள் மூழ்கியிருக்கும் வரை நீர் அதனை மேல்நோக்கித் தாங்குகின்றது. ஆதலின் கயிற்றின் இழுவிசை குறைவு. நீர்மட்டத்தை விட்டு வெளிவந்ததும் அத்துணை நீங்குகின்றது, இழுவிசை உயர்கின்றது. எளிதாக வருகிறதே என்று வேகமாக இழுப்பவர் அவ்விடத்தில்தான் கயிற்றை இழப்பர். மாறாக, கயிறு கையிலிருந்து நழுவினால் கரண்டியும் வாளியும் ஒரே முடுக்கத்துடன் விழும். காற்றின் தடையைக் கருதாவிடில், அப்போது இடையிலுள்ள கயிற்றின் இழுவிசை சுழியாகும்.

கப்பியின் இருபுறமும் இரு பொருள்கள் தொங்கினாலும் முறை இதுவே. இங்கிலாந்து நாட்டு அறிஞர் ஜார்ஜ் அட்வுட் 1784ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அத்தகைய கருவி ஒன்றை விளக்கினார். ஒருபுறம் 6 கிலோகிராம், மறுபுறம் 4 கிலோகிராம் தொங்குவதாகக் கொள்வோம். எடைகளின் வேறுபாடு 20 நியூட்டன்; மொத்த நிறை 10; முடுக்கம் 2. இலேசான பொருளை மேலேற்றும் இழுவிசை 40உம் 8உம் கூடி 48 நியூட்டன். கனமான பொருளை எடுத்துப் பார்த்தாலும் 60இலிருந்து 12 கழிய 48 நியூட்டனே வருகின்றது. ஒரே கயிறாதலின், உராய்வற்ற இலேசான கப்பியில் இருபுறமும் இழுவிசை ஒன்றே.

இன்று கமலைகள் மறைந்தன. பாதாளக்கரண்டியையும் காண்பது அரிது. எனினும் கட்டடம் எழும் இடங்களில் கற்களும் கம்பிகளும் கயிற்றில்தான் மேலேறுகின்றன. கிணற்றில் தூர் வாருவோர் இன்றும் கயிற்றை நம்பியே இறங்குகின்றனர். அவர்களுக்குக் கயிற்றின் கணக்கு தேர்வில் பெறும் மதிப்பெண் அன்று, உயிர்க்காவல். ஆகவே கணக்கைக் கண்டதும் சூத்திரத்தைத் தேடி ஓடாதீர்கள். ஒரு பொருளைப் பிரித்தெடுங்கள். அதன்மேலுள்ள விசைகளை எண்ணுங்கள். அது எவ்வாறு இயங்குகின்றது என்று நோக்குங்கள். விடை தானே கைவரும்.