நீதிபீடத்தில் ஒரு நாய்

விலங்கினை மனிதனாக வரைந்து நகைவிளைத்தல் மேலைநாட்டு ஓவியர்க்குப் பழைய வழக்கமாகும். பதினெட்டாம் நூற்றாண்டிற் பிரெஞ்சு ஓவியர் ஷார்தேன் ஒரு குரங்கிற்குத் தொப்பியும் சட்டையும் அணிவித்துத் தூரிகையும் கொடுத்து ஓவியனாக அமர்த்தினார். நகை பிறக்கின்றது, ஆயினும் அதிற் பாதி உடையினாற் பிறப்பது. உடையின் துணை சிறிதுமின்றி அவ்வினையை முடித்தவர் ஆங்கில ஓவியர் எட்வின் லாண்ட்சீர். 1840-இல் அவர் எழுதிய எண்ணெய்வண்ணப் படத்திற்குச் 'சட்டம் உரைத்தல்' என்று பெயர்.

'பூடில்' என்னும் வெண்ணிறச் சடைநாயொன்று ஆசனத்தில் அமர்ந்து, விரித்த நூலின்மேல் முன்காலை ஊன்றியிருக்கின்றது. சூழப் பலவினத்து நாய்கள். ஆங்கில நீதிபதிகள் குதிரைமயிராலான பொய்ம்முடி அணிவர் அன்றோ? (2008 முதல் அவ்வழக்கம் பெரும்பாலும் குற்றவழக்கு மன்றங்களில் மட்டுமே எஞ்சியுள்ளது.) இந்நாய்க்கோ செவிகளிற் சுருண்டு தொங்கும் மயிரே பொய்ம்முடி! லாண்ட்சீர் விலங்குடலை அறுத்துப் பார்த்து என்பும் தசையும் கற்றவர். ஆதலின் ஓர் உறுப்பையும் திரித்தாரல்லர். நாய் நாயாகவே இருக்கின்றது, நீதிபதியாகவும் இருக்கின்றது.

பூடில் ஒன்றைக் கண்டு, 'இது நல்ல லார்டு சான்சலர் ஆகும்' என்று ஒருவர் நகையாடியதே இப்படத்திற்கு வித்து என்பர். படத்தைக் கொண்ட டெவன்ஷயர் பிரபுவின் 'போனி' என்னும் நாயும் பின்னர் அதனுட் சேர்க்கப்பட்டது. செல்வர் வீட்டு நாய்க்கு நீதிமன்றத்தில் இடம் கிடைப்பது அரிதன்று போலும்! படம் இன்றும் அக்குடும்பத்தாரின் சாட்ஸ்வொர்த் மாளிகையில் உள்ளது.

லார்டு சான்சலரின் 'சான்சரி' மன்றம் அந்நாளில் தாமதத்திற்குப் பேர்பெற்றது. சொத்து வழக்குகள் பல்லாண்டு நீளும். செலவிலேயே சொத்துக் கரைதலும் உண்டு. டிக்கன்ஸ் 1852-53-இல் 'பிளீக் ஹவுஸ்' என்னும் நாவலில் அதனைச் சினந்து சாடினார். லாண்ட்சீர் சினந்திலர். நாயின் முகத்திற் கொடுமையும் இல்லை, அருளும் இல்லை. ஆழ்ந்த கௌரவமே உண்டு. அக்கௌரவத்தினுள்ளே யாதேனும் உளதோ இலதோ என்பது மட்டும் நமக்குப் புலப்படாது. வழக்காடி நிற்பவனுக்கு மெய்யான நீதிபதியின் முகமும் அத்தகையதே.

வரப்புத் தகராறு ஒன்றிற்காகப் பல்லாண்டு கச்சேரிக்கு நடந்தவர் என் பாட்டனார். இப்படத்தின் அச்சுப்பிரதியை அவரிடம் காட்டினேன். வாய்விட்டு நகைத்தார். சிறிதுநேரம் உற்றுநோக்கிய பின், "தீர்ப்பு என்றைக்காம்?" என்று வினவினார்.