கோதுமை ஆகாத வாடிக்கையாளர்

சாப்பாட்டுக்கடை நடத்தும் நண்பர்களுக்கு ஒரு விடயம். சிலியாக் என்றொரு நோய் உண்டு. கோதுமை, பார்லி போன்றவற்றிலுள்ள குளூட்டன் என்ற புரதம் வயிற்றுக்குள் போனால் சிறுகுடலின் உட்சுவர் பழுதாகும். குணப்படுத்த மருந்தில்லை, வாழ்நாள் முழுக்க விலக்குவதே வழி. என் மைத்துனரின் மகளுக்கு இது இருக்கிறது. வெளியே சாப்பிடப் போனால் நாங்கள் எட்டுப் பேர். அவளுக்கு ஒத்துவரும் கடையில்தான் எட்டுப் பேரும் உட்காருவோம். கணக்குத் தெரிந்த முதலாளிக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

பராட்டா, கொத்து ஆகாதென்பது யாருக்கும் விளங்கும். சிக்கல் மறைந்திருப்பவற்றில்தான். வெள்ளை இடியப்பம் பல கடைகளில் கோதுமை மாவில் அவிக்கப்படுகிறது; ஆப்பத்திலும் கலப்பதுண்டு. ஃப்ரைட் ரைஸுக்கு ஊற்றும் சோயா சோஸில் பெரும்பாலும் கோதுமை இருக்கும். கூட்டுப் பெருங்காயத்தையும் பார்க்க வேண்டும். ரோல்ஸ் பொரித்த எண்ணெயில் பொரித்த கோழியும் ஆகாது. குளூட்டன் அற்றது என்று சொல்ல, கோடெக்ஸ் சர்வதேச விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. கொத்துக் கல்லில் ஒட்டியிருக்கும் துணுக்கே அதைத் தாண்டிவிடும்.

ஒரு கடையில் வெயிட்டர், "கோதுமை இல்ல, தைரியமா சாப்பிடுங்க" என்றார். பிள்ளை இரண்டு நாள் படுக்கை. இன்னொரு கடையில் முதலாளியே குசினிக்குள் போய் மா பக்கட்டைப் பார்த்துவிட்டு வந்தார். "இடியப்பம் வேணாம் மகள், சோறும் பருப்பும் மீன் ஆணமும் தாறன், கரண்டியும் வேறயா வெக்கிறன்" என்றார். கடைசியில் வட்டிலாப்பம்: முட்டை, கருப்பட்டி, தேங்காய்ப்பால், மா கிடையாது. பிள்ளை இரண்டாவது துண்டும் கேட்டாள். இப்போது மாதம் இருமுறை எட்டுப் பேரும் அங்கேதான்.