மெல்ல மறுக்கும் பிள்ளையின் கடைவாய்ப் பல்லைப் பாருங்கள்

மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வந்த ஒரு தாய், தம் ஆறு வயது மகனுக்குச் சத்து டானிக் வாங்க உதவ வேண்டும் என்றார். பையன் மெலிந்துதான் இருந்தான். "கறியை வாயில் வைத்துச் சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பிவிடுகிறான். சோற்றையும் மிக்சியில் அடித்துத்தான் கொடுக்கிறேன்" என்றார். டானிக்குக்கு முன் பல் மருத்துவரிடம் காட்டச் சொன்னோம். இரண்டு பக்கமும் கடைவாய்ப் பற்கள் சொத்தையாகிக் குழி விழுந்திருந்தன. கடித்தால் வலி. அதைச் சொல்லத் தெரியாமல் துப்பியிருக்கிறான்.

இன்னும் சில வீடுகளிலும் இப்படி இருக்கலாம் என்பதால் இதை எழுதுகிறோம்.

பல், தாடை எலும்பு, பல்லைக் கடிக்கும்போது கன்னத்தில் புடைக்கிற தசை ஆகிய மூன்றும் சேர்ந்ததே கடியின் பலம். கடைவாய்ப் பற்களுக்கு நடுவே சிறு கருவியை வைத்து அதை அளக்கிறார்கள். பால் பல் வயதில் அது பெரியவர் கடியில் பாதிகூட இராது. தாடை வளர்ந்து நிலைப் பற்கள் முளைக்க முளைக்க ஏறிக்கொண்டே போகும். உயரமும் எடையும் கூடுதலான பிள்ளைகளுக்குக் கடி சற்று பலமாக இருப்பதைச் சில ஆய்வுகள் காட்டினாலும், அந்தத் தொடர்பு பெரிதல்ல. ஒல்லிப் பிள்ளை கரும்பை நன்றாகக் கடிப்பதும், பருமனான பிள்ளை முறுக்குக்குத் திணறுவதும் நாம் பார்ப்பதுதானே. ஆகவே கடினமானதைக் கடிக்கவைத்தால் பிள்ளை உயரமாகிவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம்.

ஆனால் சொத்தை கடியின் பலத்தைக் குறைக்கும். வலிக்கிற பிள்ளை கறி, காய், பழம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, டீயில் நனைத்த பிஸ்கட்டைக் கேட்கும். அந்தச் சீனி சொத்தையை இன்னும் வளர்க்கும். இரவில் தூக்கமும் கெடும். கடுமையான சொத்தை உள்ள பிள்ளைகள் எடை குறைந்திருப்பதும், வைத்தியத்துக்குப் பின் எடை ஏறுவதும் சில ஆய்வுகளில் தெரியவந்துள்ளது.

"பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். முன்பற்கள் 6, 7 வயதில் விழுந்துவிடும், உண்மைதான். பால் கடைவாய்ப் பற்களோ 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை. வளர்கிற வயதில் அத்தனை ஆண்டும் பிள்ளை எதைக் கொண்டு மெல்லும்? இன்னொன்று: ஏறத்தாழ 6 வயதில், எந்தப் பல்லும் விழாமலே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது ஆயுளுக்கும் இருக்க வேண்டிய நிலைப் பல். அதையும் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுகிறோம்.

சொத்தை இல்லாமலும் சில பிள்ளைகள் மெல்ல மறுக்கும். அதற்கு மிக்சியும் ஒரு காரணம். 6 மாதத்தில் மசித்த உணவு, 8 மாதத்தில் கையில் பிடித்துத் தின்னும் மெத்தென்ற துண்டுகள், ஒரு வயதில் வீட்டுச் சாப்பாடு என்று மாற வேண்டும். 10 மாதத்துக்கு மேலும் கூழாகவே கொடுத்துவந்தால் பிறகு கட்டியான உணவை ஏற்கச் சிரமப்படலாம். தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயமும் நியாயமே. முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை 5 வயது வரை வேண்டாம். எதையும் உட்காரவைத்து, பக்கத்தில் இருந்து கொடுங்கள்.

சீனி போட்ட பால் பாட்டிலோடு தூங்கவைக்காதீர்கள். 7 வயது வரை பல்லைப் பெரியவர்களே துலக்கிவிடுவது நல்லது. புளோரைடு பற்பசை 3 வயதுக்குள் அரிசி அளவு, பிறகு பட்டாணி அளவு போதும்.

அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் குழந்தைகள் நலப் பரிசோதனைக் குழு பல்லையும் பார்க்கும். அன்று பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். தனியார் பள்ளிப் பிள்ளைகளை நீங்களே அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். செலவுக்கு வழியில்லாதவர்கள் மருத்துவர் சீட்டோடு நம் அலுவலகத்துக்கு வரலாம். டானிக் கேட்டு வருகிறவர்களிடமும் இனி முதலில் பல்லைக் காட்டிவிட்டீர்களா என்றுதான் கேட்போம், கோபப்பட வேண்டாம்.