ஓசூர் – கிருஷ்ணகிரிப் பகுதியில் மாலை வானக் கோள்களை அடையாளம் காணல்

வெறுங்கண்ணுக்கு எளிதில் புலப்படும் கோள்கள் ஐந்து: புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி. பொதுவாக இவற்றைச் சுற்றியுள்ள விண்மீன்களைக் கொண்டே அடையாளம் காண்பர். ஆனால் கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் சிப்காட் தொழிற்பேட்டைகள், நெடுஞ்சாலை, குடியிருப்புகள் ஆகியவற்றின் விளக்கொளி மங்கலான விண்மீன்களை மறைத்துவிடுகிறது. ஓசூருக்கு வடமேற்கே சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூரின் ஒளியும் இதனுடன் சேர்கிறது. எனினும் ஒளிமிகு கோள்கள் தொடர்ந்து தெரிகின்றன. ஒளியின் தன்மை, இருக்குமிடம், நேரம் ஆகிய மூன்றையும் கவனித்தால் அவற்றைப் பிரித்தறியலாம்.

ஒளியின் தன்மை

விண்மீன்கள் மிகத் தொலைவில் இருப்பதால் வெறும் புள்ளிகளாகவே தெரிகின்றன. காற்றின் அசைவில் அப்புள்ளியின் ஒளி எளிதில் மினுமினுக்கும். கோள்கள் மிகச் சிறிய வட்டங்களாக இருப்பதால் அவற்றின் ஒளி பெரும்பாலும் நிலையாக இருக்கும். அடிவானத்தை ஒட்டியிருக்கும்போது மட்டும் கோள்களும் மினுமினுக்கலாம். விமானங்களின் விளக்குகள் சில நிமிடங்களில் இடம் மாறிவிடும்.

இருக்குமிடம்

கோள்கள் சூரியன் வானில் செல்லும் பாதையை ஒட்டியே காணப்படும். ஓசூர் சுமார் 12.7 பாகை வட அகலாங்கில் உள்ளதால் இப்பாதை தலைக்கு மேலாகவோ தெற்கே சற்றுச் சரிந்தோ செல்கிறது. கையை நீட்டி மூடிய முட்டியின் அகலம் சுமார் 10 பாகை. பிப்ரவரி நடுவில் இரவு 9 மணியளவில் நேர் தெற்கே இரண்டரை முட்டி உயரத்தில் ஒளிரும் அகத்தியர் விண்மீனைக் கோள் எனக் கருத இயலாது. நேர் தெற்கில் எந்தக் கோளும் அவ்வளவு தாழ்வாக இராது. அப்போது அதற்கு மேலே தெரியும் சிரியஸ், விண்மீன்களிலேயே ஒளி மிகுந்தது. வேடன் உடுத்தொகுதியின் இடுப்பிலுள்ள மூன்று விண்மீன்கள் அதைச் சுட்டிக்காட்டும்.

நேரமும் நிறமும்

* வெள்ளி: நிலவுக்கு அடுத்தபடியாக இரவு வானில் ஒளி மிகுந்தது. சூரியனிலிருந்து 47 பாகைக்கு மேல் விலகாது. எனவே மாலையில் மேற்கில் மட்டுமே தெரிந்து, அதிக அளவாகச் சூரியன் மறைந்து மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் வரை நீடிக்கும். இரவு 11 மணிக்கு உச்சி வானில் ஒளிர்வது வெள்ளி அன்று.
* வியாழன்: பெரும்பாலும் வெள்ளிக்கு அடுத்த ஒளி கொண்டது, வெண்மஞ்சள் நிறம். இரவின் எந்த நேரத்திலும் காணப்படலாம். இருகண்நோக்கியில் அதன் நான்கு பெரிய நிலவுகள் தெரியும்.
* செவ்வாய்: செந்நிறம். சுமார் 26 மாதங்களுக்கு ஒருமுறை ஒளி மிகும், இடையில் மங்கிவிடும். கேட்டை, ரோகிணி ஆகிய செந்நிற விண்மீன்களும் இதே பாதையருகே இருப்பதால் குழப்பம் வரும். அவை மினுமினுக்கும், செவ்வாய் சில வாரங்களில் இடம் மாறியிருக்கும்.
* சனி: மங்கிய மஞ்சள் நிறம். சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ 29.5 ஆண்டுகள் ஆவதால் மிக மெதுவாக நகரும். வளையங்களைக் காணத் தொலைநோக்கி தேவை.

கோள்கள் நெருங்கும்போது தனித்தனியே காண்பது கடினம். 2020 டிசம்பர் 21 மாலை வியாழனும் சனியும் மேற்கு வானில் சுமார் 0.1 பாகை இடைவெளியில் தெரிந்தன.

புதனும் அடிவான ஒளியும்

இவ்வைந்தில் காண்பதற்குக் கடினமானது புதன். அது சூரியனிலிருந்து 28 பாகைக்கு மேல் விலகாததால் அந்திக்குப் பின் சிறிது நேரமே அடிவானத்தருகே நிற்கும். கிருஷ்ணகிரியிலிருந்து பார்த்தால் ஓசூரும் பெங்களூரும் மேற்கு-வடமேற்கில் உள்ளன. ஜூன் மாதத்தில் சூரியன் மறைவதும் ஏறத்தாழ அத்திசையிலேயே. எனவே புதனைக் காண, மேற்கு அடிவானம் மறைப்பின்றித் தெரியும் குன்று அல்லது வயல்வெளி ஏற்றது.

அருகிலுள்ள வானாய்வகம்

கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே, ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது. 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கவிருந்ததை அங்கு 102 செ.மீ. தொலைநோக்கியால் கவனித்தனர். மறைப்பை ஒட்டி விண்மீனின் ஒளி மங்கியதை அவர்களும் பதிவு செய்தனர். அதே நாளில் விமானத்திலிருந்து செய்த நோக்கல்களால் யுரேனஸின் வளையங்கள் கண்டறியப்பட்டன. அத்தகைய நுண்ணிய மாற்றங்களை அளக்க இருண்ட வானம் தேவை. தெருவிளக்குகளின் ஒளி தரையை நோக்கி மட்டும் விழுமாறு மூடியிட்டால், நகரிலிருந்தும் மங்கலான விண்மீன்களைக் கூடுதலாகக் காண வழியுண்டு.